ஆள் வரவில்லை, குரல் வந்திருக்கிறது

எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர் ஆனது என் இலக்கிய அறிவுக்காக என்று யாராவது நினைத்தால், அவர் நெய்வேலியில் வாழ்ந்ததில்லை என்று அர்த்தம். நான் ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் மாலையில் திரும்பும் அலுவலக வேலை. வட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியத்தில் தொடங்கி இரவில் முடியும் பி ஷிப்ட், ஒரு வாரம் விடிய விடிய என்று சுற்றிக்கொண்டே இருப்பவர்கள். மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வரக்கூடிய ஒரே ஆள் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். திருநெல்வேலிக்காரிக்கு வாய் நீளம், நாலு பேரை அதட்டி நாற்காலி போடச் சொல்வாள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஷிப்ட் வைத்துக்கொண்டு இலக்கியம் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டவருக்குக் கூட்டத்தன்று டூட்டி வந்துவிடும். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது. இதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். வர முடியாதவர் தன் பேச்சைச் செல்போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தில் அவர் முறை வரும்போது என் போனை மைக்கின் அருகே வைத்து ஓடவிடுவேன். எங்கள் தலைவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பின் இங்கேயே வேலை பார்க்கும் மகனோடு இருப்பவர். போன் ஓடுவதற்கு முன் எழுந்து நின்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அறிமுகம் செய்வார். "நம்ம தம்பி இன்னைக்கு பி ஷிப்டுங்க. ஆள் வரலை, குரல் வந்திருக்குது." உடனே எல்லோரும் கைதட்டுவோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், ஆளில்லாத மேடைக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அப்படி அதிகமாகக் குரலாகவே வந்துபோனவர் ஒருவர் இருந்தார். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர் வெகுகாலம் கான்ட்ராக்டில் இருந்து, காதோரம் நரைத்த பிறகு பெர்மனென்ட் ஆனவர். புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எங்களைப் போல நடை, உத்தி என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டார். கதையில் வரும் ஆட்களைப் பக்கத்து பிளாக்கில் குடியிருப்பவர்கள் போலப் பேசுவார். "இந்தக் கதையில ஒரு மாமியாரு வருது. அது பண்றதெல்லாம் அநியாயந்தான், இல்லைங்கல. ஆனா அது எந்நேரத்துக்கு சோறு துன்னுச்சின்னு எழுதினவரு ஒரு எடத்துலயும் சொல்லல பாருங்க" என்பார். சபை சிரிக்கும். நான் மட்டும் எழுந்து, கதையில் சாப்பாட்டு நேரம் எல்லாம் எழுத முடியாது என்று சண்டைக்குப் போவேன். நேரில் வரும் மாதங்களில் அவர் எனக்குப் பதில் சொல்ல மாட்டார். கூட்டம் முடிந்து பஜ்ஜி தின்னும்போது, "அக்கா இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க, கோவம் கொறையும்" என்று தட்டை என் பக்கம் தள்ளுவார்.

அவரோடு ஒரே பெல்ட்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவரும் கூட்டத்துக்கு வருவார். அந்த மனிதர் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. பஜ்ஜிக்காக மட்டும் வருகிறவர் என்று முகத்துக்கு நேராகவே கேலி செய்திருக்கிறேன். ஆனால் அவர் குரலும் எங்களுக்குப் பழக்கம். பதிவுகள் எல்லாம் வேலை இடத்து டீ ஷெட்டில் செய்யப்பட்டவை. பின்னால் பெல்ட் ஓடும் சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் இந்த நண்பர் எதற்காவது கூப்பிடுவார்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு மதியம், பி ஷிப்டுக்குப் போன எங்கள் பேச்சுக்காரர் அந்த டீ ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாழ்வது குவார்ட்டர்ஸில், சாவுக்குச் சொந்த ஊர். இந்த வீடு நம்முடையது இல்லை, ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது என்பதால், இங்கே யாரையும் கிடத்தி அழும் பழக்கமே எங்களுக்கு வரவில்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவரைக் கிராமத்துக்கு எடுத்துப் போனார்கள். அவர் மனைவியையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் நாங்கள் இன்னொரு வண்டியில் ஏற்றிப் பின்னால் கூட்டிப் போனோம். அன்று அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

மாதாமாதம் பி ஷிப்டாக வந்து தொலைக்கிறது என்று அலுத்துக்கொண்டு, இறப்பதற்கு முன் அவர் சில பேச்சுகளைச் சேர்த்தே அனுப்பியிருந்தார். "வெச்சிகினு இருங்கக்கா, தேவப்படும்போது போட்டுக்குங்க" என்று அதில் ஒன்றின் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பார். அஞ்சலிக் கூட்டத்தில் ஒன்றைப் போட்டோம். எல்லோரும் அழுதோம். அடுத்த மாதமும் கேட்டார்கள், போட்டேன். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. தலைவர் மட்டும் தன் அறிமுகத்தை மாற்றிக்கொண்டு, நம்மை விட்டுப் பிரிந்த தம்பி என்று சொல்வார்.

போடுவதற்கு முதல்நாள் ஒலி சரியாக இருக்கிறதா என்று நான் வீட்டில் கேட்டுப் பார்ப்பேன். தனியாக இருப்பவள். சமையலறை மேடையில் போனை வைத்துவிட்டுக் காய் நறுக்குவேன். அவர் பேச்சு முடியும். பெல்ட் சத்தம் மட்டும் நிற்காது. போனை எடுத்துப் பார்த்தால் அணைந்திருக்கும். காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாட்களில் சுரங்கத்துச் சத்தம் ஜன்னல் வழியாக எங்கள் பிளாக் வரைக்கும் வரும், அவ்வளவுதான். இத்தனை வருஷமாக இருந்த சத்தம்தான் அது. முன்பெல்லாம் அது என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அதற்குள் ஒரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தயாராவது போலக் கேட்கும். பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பதிவு மிஞ்சியது. அதை நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டால் அவர் தீர்ந்துபோவார் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம்.

இந்த வருஷம் நூலகத்தில் குழந்தைகள் பகுதிக் கூரை ஒழுக ஆரம்பித்தது. படப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போய் அப்பளம் போல நெளிந்து கிடந்தன. கூரைக்கு வேண்டியதை வட்டமே திரட்டுவது என்று முடிவாயிற்று. இங்கே ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறவர்கள், லாரியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடம் ஒதுக்கியது போக, புத்தகங்களை எங்கள் நூலகத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்ததில் ஒரே புத்தகம் பல பிரதிகள் இருக்கும். அவற்றை விற்பது, கூடவே ஒரு மாலை இலக்கிய நிகழ்ச்சி நடத்தி நன்கொடை கேட்பது என்று திட்டம். நிகழ்ச்சியின் முக்கிய அம்சமாக அந்தக் கடைசிப் பதிவைப் போட வேண்டும் என்று தலைவர் முதல் எல்லோரும் சொன்னார்கள். யாரோ அதற்குள் நோட்டீஸுக்கு வாசகமே எழுதிவிட்டார்கள். 'அன்னாரின் இறுதிக் குரல், கேட்கத் தவறாதீர்கள்.' அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கஸா நடத்துகிறோம் என்று கேட்டுவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். பதிவைப் போடுவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன் என்றேன். போட மாட்டேன் என்று உள்ளுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் மனைவி நூலகத்துக்கு வந்தாள். ஆட்டோவில் இரண்டு சாக்கு நிறைய அவருடைய புத்தகங்கள். விற்பனைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் இருந்தபோதும் சரி, அஞ்சலிக்கும் சரி, ஒரு கூட்டத்துக்கும் அவள் வந்ததில்லை. நான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வைக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் எத்தினி இருக்குதுக்கா?"

"எதும்மா?"

"அவரு பேசி வெச்சது."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"அத்த சீக்கிரம் போட்டுடுங்க" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்தாள். நாளிதழ் படிக்கும் பெரியவரைத் தவிர யாரும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லக்கா. ஆனா அவரு வர்றாரு. பி ஷிப்ட் வாரத்துல மட்டும். வாசல் கேட்டுக் கொக்கியத் தூக்குறது, சைக்கிளத் தள்ளிகினு வந்து செவுத்துல சாத்துறது, எல்லாம் கேக்குது. மொதல்ல பொண்ணுகிட்ட கேட்டேன், அது ஒண்ணும் கேக்கலன்னுச்சு. அதுக்கப்புறம் அதுகிட்ட கேக்குறதில்ல. நானே எழுந்து போயி கதவத் தொறந்து வுட்டுட்டு வந்து படுத்துக்குவேன்."

"அது பி ஷிப்ட் வாரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு ஷிப்டு எனக்குத் தெரியாதாக்கா? அப்டியே மனசுல ஓடிகினுதான இருக்குது" என்றாள், நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டது போல.

பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"பயம் இல்லக்கா. வெசனந்தான். மாசக் கடைசில வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொண்ணுக்குக் கடலூருல காலேஜு, பஸ்ஸுக்கு ஆவுமேன்னு குள்ளஞ்சாவடியில வாடகைக்கு எடம் பாத்துட்டேன். நான் சாவியக் குடுத்துட்டுப் போயிடுவேன். வேற யாராவது குடி வந்துடுவாங்க. இவரு டூட்டி முடிஞ்சி வந்து கேட்டத் தொறப்பாரு. உள்ள வேற ஆளுங்க இருப்பாங்க. அப்புறம் எங்கக்கா போவாரு?"

கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு டூட்டிக்குப் போனவரு வூட்டுக்கு வரவே இல்லையே. நேரா ஊருக்கு எடுத்துகினு பூட்டாங்க. எடுத்துகினு போனது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. டூட்டி முடிஞ்சா வூட்டுக்கு வரணும்னுதான அவருக்குத் தெரியும்" என்றாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டியிருந்த சணலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க மாசாமாசம் போடுறீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு. ஒருவேள அதான் அவர இழுத்துகினு இருக்குதோ என்னமோ. இருக்குறத போட்டு முடிச்சிட்டா, நான் காலி பண்றதுக்குள்ள நின்னுடுவாரு. நின்னுட்டாருன்னா நிம்மதியா சாவியக் குடுப்பேன்."

நாலு பேரை அதட்டுகிற வாய் எனக்கு. போடுகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன். எனக்கு அவர் தீரக்கூடாது. அவளுக்கு அவர் தீர்ந்தாக வேண்டும். இதில் யாருடைய பேச்சு எடுபட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஆனாலும் வலித்தது.

நிகழ்ச்சி நாளில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். காலை ஷிப்ட் முடித்தவர்கள் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாசலில் காடாம்புலியூரிலிருந்து வந்த பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் ஒரு மேசையில், பழைய புத்தகங்கள் இன்னொரு மேசையில். அவருடைய புத்தகங்களை நான் விற்பனையில் கடைசி வரிசையில் வைத்திருந்தேன், அப்படியும் போய்விட்டன. யார் யாரோ கையில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அவளும் மகளும் வந்தார்கள். அவளை என் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார வைத்தேன். எங்களுக்குப் பின்னால் பஜ்ஜி நண்பர் இருந்தார்.

மாணவிகள் கவிதை வாசித்தார்கள். ஒருவர் தேவைக்கு மேல் நீளமாகப் பேசினார். பிறகு அந்தக் கடைசிப் பதிவின் முறை வந்தது. தலைவருக்குப் பெரிய கூட்டத்தைக் கண்டால் கால் தரையில் நிற்காது. மைக்கைப் பிடித்தார், சபையை ஒரு முறை பார்த்தார், வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நம்ம தம்பி இன்னைக்கு பி ஷிப்டுங்க. ஆள் வரலை, குரல் வந்திருக்குது."

பின் வரிசையில் சிலர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் முகம் வெளிறிப்போனது. நான் அவளைப் பார்க்கத் துணியாமல், என்ன செய்வதென்று தெரியாமல் போனை மைக்கிடம் வைத்து அழுத்திவிட்டேன்.

பெல்ட் சத்தம் மண்டபத்தில் பரவியது. அவர் செருமிக்கொண்டார். பேச ஆரம்பித்தார். ஒருவன் சந்தையில் மாடு வாங்கி ஏமாந்த கதையைப் படித்திருக்கிறார். "எழுதினவரு நல்ல மனுசனா இருப்பாரு, ஆனா மாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது போல. பல்லப் புடிச்சிப் பாக்காம எவனாவது மாடு வாங்குவானா? இவன் மாட்டோட கண்ணப் பாத்து வாங்குறான். பொண்ணு பாக்கப் போனானா, மாடு பாக்கப் போனானா?" சபை தன்னை மறந்து சிரித்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. என் பக்கம் சாய்ந்து, "இப்டியெல்லாம் பேசுவாராக்கா?" என்று கேட்டாள். வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் கிடைத்தது எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் களைத்து வந்து சைக்கிளைச் சாத்தும் சத்தம்தான்.

பேச்சு நடுவிலேயே, "யோவ், டீ ஆறுதுய்யா" என்று நண்பரின் குரல் கேட்டது. "இதோ, ஆச்சு" என்றார் அவர். அத்தோடு பதிவு நின்றது. எனக்குப் பின்னால் நண்பர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை. மண்டபத்தில் மின்விசிறிகள் மட்டும் ஓடின. பெல்ட் சத்தமும் கேட்டது, எனக்கு மட்டுமாகவும் இருக்கலாம்.

தலைவர் மேடையை விட்டு இறங்கி அவள் முன் வந்து நின்றார். "தப்பாச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மன்னிச்சுக்கோணும்" என்றார். கை கூப்பியிருந்தார்.

அவள் எழுந்தாள். "இல்லீங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். "இத்தினி நாளா யாருமே அப்டி சொல்லல. எல்லாரும் போயிட்டாரு போயிட்டாருன்னே சொல்லிகினு இருந்தீங்க." பிறகு, "அந்த மைக்கக் கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் திரும்பவில்லை.

"அவரு ஷிப்டுலதான் இருக்காரு. அங்க வேல பாக்குறவங்க இங்க யாரு இருக்கீங்களோ, அவருகிட்ட சொல்லிடுங்க. நாங்க இந்த மாசக் கடைசியோட வூட்ட காலி பண்றோம். அங்க வந்து தேட வேணாம். குள்ளஞ்சாவடிக்குப் போறோம். கடலூரு போற ரோட்டுல, மாரியம்மன் கோயில் சந்து, கடைசி வூடு. அங்க வரச் சொல்லுங்க."

யாராவது ஆறுதல் சொல்லி அவளை உட்கார வைத்துவிடுவார்களோ என்று எனக்குத் திகிலாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து பஜ்ஜி நண்பர் எழுந்தார்.

"அண்ணி, அந்தச் சந்து கோயிலுக்கு முன்னாடியா, தாண்டியா?"

"தாண்டி" என்றாள். "தாண்டினதும் சோத்துக்கைப் பக்கம்."

"சரி, சொல்லிடுறேன்."

அவள் மைக்கைத் தாழ்த்தவில்லை. முகத்தில் கலக்கம் இன்னும் போகவில்லை. "டூட்டி முடியறப்ப அந்தப் பக்கம் பஸ்ஸு இருக்காதேப்பா. சைக்கிள்ல அவ்ளோ தூரம் எப்டி மிதிச்சிகினு வருவாரு?"

"நாளையிலேந்து எனக்கும் பி ஷிப்டுதான் அண்ணி" என்றார் அவர். "என் வண்டியிலயே ஏத்திகினு வந்து வாசல்ல வுட்டுட்டுப் போறேன்."

அவள் தலையை ஆட்டினாள். மைக்கைத் தலைவர் கையில் கொடுத்தாள். உட்காரப் போனவள் நின்று, மைக் இல்லாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மெதுவா வாங்க, ரெண்டு பேரும்."